6,000 அடி உயர ஏரியில் பாஸ் போட்டின் வேகம் மணிக்கு 11 மைல் குறைகிறது: எதை மாற்றலாம்?

மலையேரி

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 20 அடி ஃபைபர்கிளாஸ் பாஸ் போட், அதாவது பாஸ் மீன் பிடிக்கும் வேகப்படகு. பின்னால் 250 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் எதுவும் கிடையாது. கியர் விகிதம் 1.75. மூன்று பிளேடு ஸ்டீல் ப்ராப் (தண்ணீரைத் தள்ளும் விசிறி), 25 பிட்ச், அதாவது வழுக்காமல் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 25 இஞ்ச் முன்னேறும். அரிசோனா, கலிபோர்னியா எல்லையில் இருக்கும் லேக் ஹவாசுவில் நீர்மட்டமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 அடிதான். அங்கே குளிர்காலக் காலையில் முழு த்ராட்டிலில் 5,900 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றுகள்), ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 72 மைல்.

அதே போட், அதே ப்ராப், அதே இரண்டு பேர். நியூ மெக்சிகோ, கொலராடோ எல்லையில் இருக்கும் நவஹோ ஏரிக்கு ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிக்கக் கொண்டு போனேன். நிறைந்திருந்தால் நீர்மட்டம் 6,085 அடி. கோடை மதியம், வெயில் 30 டிகிரி செல்சியஸ். முழு த்ராட்டிலில் 5,150 ஆர்பிஎம்-க்கு மேல் ஏற மறுக்கிறது. வேகம் 61 மைல். அதைவிடக் கவலை, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மூக்கு வானத்தைப் பார்த்தபடியே ரொம்ப நேரம் உழுதுகொண்டு போகிறது. லைவ்வெல் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) நிறைய தண்ணீர் இருந்தால் பிளேனில் ஏறுமா, அதாவது தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கி ஓடுமா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது.

எஞ்சினில் எந்த எச்சரிக்கை அலாரமும் இல்லை. கையேடு சொல்லும் முழு த்ராட்டில் வரம்பு 5,500 முதல் 6,000. ஆக்டேன் கூடிய பெட்ரோல் போட்டால் சரியாகுமா? எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதினால் ஆகுமா? இல்லை ப்ராப் மட்டும்தானா?

நீரோட்டம்

உங்கள் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை நண்பரே, முதலில் அந்தக் கவலையை விடுங்கள். காற்றுதான் குறைவு.

உயரம் 1,000 அடி கூடக்கூட, வெளிக்காற்றை அப்படியே இழுத்து ஓடும் எஞ்சின் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். 6,000 அடியில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கலிலிருந்து 81-க்கு இறங்கிவிடுகிறது. இதோடு வெயிலும் சேரும். 6,000 அடிக்கான வழக்கமான வெப்பநிலை வெறும் 3 டிகிரி. நீங்கள் ஓட்டியது 30 டிகிரியில். விமானிகள் பார்க்கும் ‘அடர்த்தி உயரம்’ கணக்கில் போட்டால் அன்றைக்கு உங்கள் போட் 9,000 அடிக்கு மேல் இருக்கும் ஏரியில் ஓடிய மாதிரி. சிலிண்டருக்குள் போகும் காற்றில் கிட்டத்தட்ட கால்வாசி இல்லை. 250 என்று கவரில் ஒட்டியிருந்தாலும் அன்று கைக்கு வந்தது 190 சொச்சம்தான்.

பிளேனில் ஓடும் படகின் வேகம் சக்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். க்ரவுச் சூத்திரம் என்று படகு வடிவமைப்பாளர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது இது. அதில் உங்கள் 72-ஐப் போட்டால் அந்த மதியத்துக்கு வருவது 63 மைல். உங்களுக்குக் கிடைத்தது 61. நீங்கள் இழந்த 11 மைலில் 9 மைலைக் காற்று எடுத்துக்கொண்டுவிட்டது, அது எதைச் செய்தாலும் திரும்பாது. மீதி 2 மைலும், பிளேனில் ஏறத் திணறுவதும் ப்ராப் பொருந்தாததால் வந்தவை. இவற்றைத் திரும்பப் பெற முடியும். இதைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கினால் வீண் செலவு மிச்சம்.

தூண்டில்மணி

நீரோட்டம் அண்ணா சொன்னதில் ஒரு சந்தேகம். விமானமெல்லாம் உயரப் போனால்தானே வேகமாகப் போகிறது? காற்று மெலிந்தால் படகைத் தடுக்கும் காற்றும் குறையத்தானே செய்யும்? அந்த லாபம் எங்கே போகிறது?

நீரோட்டம்

நல்ல கேள்வி தம்பி. விமானத்துக்கு எதிரே இருப்பது காற்று மட்டும். படகுக்கு அடியில் இருப்பது தண்ணீர், காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்ந்தது. எவ்வளவு உயரம் போனாலும் அந்தத் தண்ணீரின் அடர்த்தி மாறாது. 60, 70 மைலில் காற்றின் தடை கவனிக்க வேண்டிய அளவில் இருப்பது உண்மை, அது குறைவதும் உண்மை. ஆனால் அதே வேகத்தில் மூக்குக்கு அடியில் புகுந்து படகைத் தூக்கிக்கொடுப்பதும் காற்றுதான். அந்தத் தூக்கலும் சேர்ந்து குறைகிறது. அடிப்பாகம் கொஞ்சம் கூடுதலாக நனைகிறது. கூட்டிக் கழித்தால் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

ஜாக்பிளேட்

நேரே விஷயத்துக்கு வர்றேன். ப்ராப் தான் முதல் வேலை. மத்ததெல்லாம் அப்புறம்.

ப்ராப்பை படகோட கியர்னு நினைச்சுக்குங்க. மலையேறும்போது டாப் கியர்லயே முக்கிக்கிட்டு இருக்கீங்க இப்ப. 1 இஞ்ச் பிட்ச் குறைச்சா 150-லிருந்து 200 ஆர்பிஎம் ஏறும். உங்களுக்கு 5,150-லிருந்து 5,800 பக்கம் வரணும், அதாவது 650. அப்போ 3 இஞ்ச் குறைக்கணும், சிலசமயம் 4. நான் 22 போட்டுப் பார்ப்பேன்.

பிட்ச் குறைச்சா வேகம் குறையும்னு நிறைய பேர் பயப்படறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஆர்பிஎம்மைப் பிட்ச்சால பெருக்கி, கியர் விகிதத்தால வகுத்து, 1,056-ஆல வகுத்தா ஸ்லிப் (ப்ராப் தண்ணியில வழுக்கறது) இல்லாத வேகம் மைல்ல வரும். 25 பிட்ச், 5,150 ஆர்பிஎம்: 69.7. நீங்க ஓடினது 61, அப்போ ஸ்லிப் 12 சதவீதத்துக்கு மேல. ஹவாசுல அதே ப்ராப்புக்கு ஸ்லிப் 10 தான் வருது. 22 பிட்ச் 5,700-ல சுத்தினா 67.9. ஸ்லிப் 8-9 சதவீதத்துல நின்னா 62 மைல். ப்ராப் சின்னது, வேகம் கூட. ஏன்னா எஞ்சின் தன்னோட முழு சக்தியைத் தர்ற ஆர்பிஎம்முக்கு இப்பதான் போய்ச் சேருது.

வேகத்தை விடுங்க, முழு த்ராட்டில் கொடுத்தும் வரம்புக்குக் கீழேயே எஞ்சினை முக்க விட்டு ஓட்டறது தொடர்ந்து செஞ்சா எஞ்சினுக்கே கெடுதல். பேரிங், பிஸ்டன் எல்லாத்துலயும் சுமை ஏறும்.

வெள்ளலை

ஜாக்பிளேட் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் மூன்று பிளேடிலேயே நிற்க வேண்டுமா என்று கேட்பேன். உயரமான ஏரிக்கு நான்கு பிளேடுதான் என் தேர்வு. பரப்பு அதிகம், தண்ணீரைப் பிடிக்கும், பின்பக்கத்தைத் தூக்கிவிட்டுச் சட்டென்று பிளேனில் ஏற்றும். நடு வேகத்தில் படகு பிளேனிலிருந்து இறங்கிவிடாது. உச்ச வேகத்தில் 1 மைல் போனாலும் போகட்டும். மலையேரியில் மதியத்துக்கு மேல் காற்று கிளம்பி அலை எழும்போது 30, 35 மைலில் பிளேனிலேயே நிற்கும் படகுதான் வேண்டும்.

மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கும். அதனால் 22 மூன்று பிளேடுக்குப் பதில் 21 நான்கு பிளேடு என்று கணக்கிட வேண்டும்.

இன்னொன்று, ப்ராப் குழலில் துளைகள் இருக்கிறதா பாருங்கள். கிளம்பும்போது புகைக்காற்று அந்தத் துளை வழியாகப் பிளேடுகளுக்குப் பின்னால் கசியும். பிளேடு சற்று வழுக்கும், எஞ்சின் சட்டென்று ஆர்பிஎம் பிடிக்கும். பல ப்ராப்களில் இதற்குப் பிளாஸ்டிக் அடைப்பான் உண்டு, அளவு வேறு வேறு துளையோடு கிடைக்கும். பெரிய துளை உள்ளதாக மாற்றினால் உங்கள் மூக்குத்தூக்கல் குறையும். வேகமெடுத்த பிறகு அந்தத் துளைகளால் நஷ்டம் இல்லை.

ஜாக்பிளேட்

நாலு பிளேடு பின்பக்கத்தைத் தூக்கும், சரி. சில ஹல்லுக்கு (படகோட உடல்) அதுவே வினை. பின்னாடி தூக்கினா மூக்கு இறங்கும், நனையற பரப்பு கூடும், அங்கேயே 2 மைல் போச்சு. பேடு (ஹல்லோட அடியில நடுவுல இருக்கற தட்டையான பகுதி) அகலமா இருக்கற 20 அடி போட்டுக்கு மூக்கைத் தூக்கற மூணு பிளேடுதான் வேகம். அவர் கேட்டது உச்ச வேகம்.

வெள்ளலை

அவர் கேட்டதில் பிளேனில் ஏறாத கவலையும் இருக்கிறதே. இரண்டையும் கடன் வாங்கி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. ஹல்லுக்கு ஹல் வேறுபடும். பக்கத்துப் படகில் வேலை செய்தது இதில் செய்யும் என்று யாரும் உறுதி தர முடியாது.

பழையடூஸ்ட்ரோக்

ஆக்டேன் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். உயரத்தில் சிலிண்டர் அழுத்தம் குறைவதால் எஞ்சின் தட்டும் போக்கு குறையத்தான் செய்யும். கொலராடோ, யூட்டா பக்கம் பம்ப்பில் 85 ஆக்டேன் விற்பது அந்தக் கார்புரேட்டர் காலத்து நடைமுறையின் தொடர்ச்சி. அதற்காக 85 போடாதீர்கள். கையேட்டில் 87 என்றிருந்தால் 87. அதற்கு மேல் 91 போட்டால் 87-க்கு வடிவமைத்த எஞ்சின் ஒரு குதிரை கூட அதிகம் தராது. சிலிண்டருக்குள் போகாத காற்றை எந்தப் பெட்ரோலும் ஈடுகட்டாது.

கம்ப்யூட்டர் விஷயமும் அதேதான். உங்கள் எஞ்சினின் அழுத்த சென்சாரும் வெப்ப சென்சாரும் காற்று மெலிந்ததை அறிந்து எரிபொருளைத் தாமாகக் குறைத்துக்கொள்கின்றன. கலவை சரியாகத்தான் இருக்கிறது. மாற்றி எழுத அங்கே ஒன்றும் இல்லை, வாரண்டிதான் போகும்.

கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக் உள்ளவர்களுக்குத்தான் உண்மையான வேலை. கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. மெலிந்த காற்றுக்கும் ஏறக்குறைய அதே பெட்ரோலைத்தான் கொடுக்கும். கலவை கொழுத்துப் போகும். பிளக் கறுத்து ஈரமாக வரும், எஞ்சின் கரகரவென்று இழுக்கும். பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டைச் சிறிதாக்கினால் எஞ்சின் தெளிந்து ஓடும். ஆனால் கீழே இறங்கும்போது பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும். மலை ஜெட்டோடு கடல் மட்டத்தில் முழு த்ராட்டில் கொடுத்தால் கலவை மெலிந்து பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடுதான் போகிறது, பெட்ரோல் குறைந்தால் மசகும் குறைகிறது. அந்த அலுமினியம் உருகி வழிந்த பிஸ்டனை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவர் ஜெட் மாற்ற மறக்க மாட்டார்.

தூண்டில்மணி

சூப்பர்சார்ஜர் உள்ள எஞ்சினுக்கு இந்தப் பிரச்சினை இல்லையா?

நீரோட்டம்

குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. மெர்க்குரி 2004-ல் கொண்டுவந்த வெராடோ ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் சூப்பர்சார்ஜர் வைத்தவை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் உயரத்தில் இழப்பு சாதாரண எஞ்சினைவிடக் கம்மி. உயரமான ஏரியிலேயே வருஷம் முழுக்க ஓட்டுகிறவர்கள் பழையதை வாங்கும்போது யோசிக்கலாம். இருக்கும் நல்ல எஞ்சினை இதற்காக மாற்றச் சொல்ல மாட்டேன். எதை மாற்றினாலும் படகின் கெபாசிட்டி தகட்டில் போட்டிருக்கும் உச்சக் குதிரைத்திறனைத் தாண்டவே கூடாது. ‘மேலே போனால் 300-ம் 230 தானே’ என்று கணக்குச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எடை குறைவதில்லையே, கீழே கொண்டுவந்தால் 300 முழுசாக 300 தானே.

வெள்ளலை

எடை என்றதும் ஞாபகம் வருகிறது. ப்ராப்புக்கு அடுத்து கை வைக்க வேண்டியது அங்கேதான், அதுவும் காசில்லாமல்.

ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 30 கேலன் லைவ்வெல் நிரம்பியிருந்தால் 250 பவுண்டு, அதாவது மூன்றாவது ஆள் ஒருவரும் அவர் பையும். மீன் உள்ளே இல்லாதபோது தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஓடுங்கள், இடத்துக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம். பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டுக்குச் சற்று மேல். நாள் முழுக்க 15 கேலன்தான் செலவாகும் என்றால் 40 கேலன் சுமப்பது எதற்கு? கொஞ்சம் உபரி வைத்துக்கொண்டு மீதியை விடுங்கள். டிரோலிங் மோட்டாருக்கு (மெதுவாக நகர்த்தும் மின் மோட்டார்) மூன்று ஈய பேட்டரி இருந்தால் லித்தியத்துக்கு மாறும்போது 100 பவுண்டுக்கு மேல் குறையும், ஆனால் அது செலவுள்ள வேலை.

எல்லாம் ஏற்றி 3,600 பவுண்டு வரும் படகில் 300 பவுண்டு இறக்கினால் நீரோட்டம் சொன்ன க்ரவுச் சூத்திரப்படி (அதில் எடையும் உண்டு) 2 மைலுக்கு மேல் கிடைக்கும். ப்ராப் தருவதைவிட அதிகம்!

ஒரு எச்சரிக்கை: பின்பக்கத்து பேட்டரியை மட்டும் லேசாக்கினால் படகின் சமநிலை மாறும். மூக்கு கனத்துப் போய் ட்ரிம் (எஞ்சினின் சாய்வு) ஏற்ற ஏற்ற எழ மறுக்கும்.

ஜாக்பிளேட்

அடுத்து, படகுல எஞ்சினை மாட்டற உயரம். அதை ஏத்தி இறக்கற தகடுதான் ஜாக்பிளேட், என் பேரே இதுதான், சொல்லாம இருக்க முடியாது.

புது ப்ராப் போட்டதும் உயரத்தைத் தொடாதீங்க. முதல்ல ஹவாசுல இருந்த அதே உயரத்துல ஓட்டி ஆர்பிஎம், ஜிபிஎஸ் வேகம், எஞ்சினைக் குளிர வைக்கற தண்ணியோட அழுத்தம் மூணையும் எழுதுங்க. அப்புறம் கால் இஞ்ச் தூக்குங்க. திரும்ப அதே நீட்டுல, ரெண்டு திசையிலும் ஓட்டி சராசரி எடுங்க. வேகம் ஏறிச்சுன்னா இன்னொரு கால் இஞ்ச். தண்ணி அழுத்தம் சடார்னு விழுந்தாலோ, திரும்பும்போது ப்ராப் காத்தை வாரிக்கிட்டு ஆர்பிஎம் எகிறினாலோ, கால் இஞ்ச் இறக்கி அங்கேயே நிறுத்திடுங்க. உறிஞ்சு துளைக்குத் தண்ணி போகலைன்னா எஞ்சின் வெந்துடும். 1 மைலுக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

உயரமான ஏரியில இன்னொண்ணு இருக்கு. தண்ணி மேல அழுத்தற காத்தே குறைவு, அதனால பிளேடோட பின்பக்கம் (படகைப் பார்த்த பக்கம்) தண்ணி கொதிச்சுக் குமிழி விடறது கீழே இருக்கறதைவிடச் சீக்கிரம் ஆரம்பிக்கும். ப்ராப்பைக் கழட்டும்போது பிளேடோட பின்பக்கம், முன்விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே விரலை ஓட்டிப் பாருங்க. பளபளப்பு போய் மணல்தாள் தேய்ச்ச மாதிரி சொரசொரன்னு திட்டு இருந்தா கேவிட்டேஷன், அதாவது அந்தக் குமிழி, அரிச்சிருக்கு. அந்த பிளேடுல எங்கயோ நெளிவு இருக்கு, இல்லை விளிம்பு அடிபட்டிருக்கு. ப்ராப் சரிபண்றவங்ககிட்ட கொடுத்து பிட்ச் அளக்கச் சொல்லுங்க. முத்திரையில 25னு இருக்கும், மூணு பிளேடும் மூணு விதமா இருக்கும். விளிம்புல வளைச்சு விட்டிருக்கற கப் கூடுதலா இருந்தா அதுவே ஒரு இஞ்ச் பிட்ச் மாதிரி ஆர்பிஎம்மைத் தின்னும்.

மலையேரி

எல்லோருக்கும் நன்றி. நண்பர் ஒருவரிடம் 22 மூன்று பிளேடும், இன்னொருவரிடம் 22 நான்கு பிளேடும் கடன் வாங்கி நவஹோவில் ஓட்டினேன். 21 நான்கு பிளேடு கிடைக்கவில்லை.

மூன்று பிளேடு 22, அதே மாதிரி மதிய வெயில்: 5,700 ஆர்பிஎம், 62.2 மைல். நான்கு பிளேடு 22: 5,600 ஆர்பிஎம், 61.5 மைல், ஸ்லிப் 8-க்கும் கீழ். ஆனால் பிளேனில் ஏறியது அப்படியே வேறு படகு. மூக்கு தூக்கியது தெரிவதற்குள் இறங்கிவிட்டது, லைவ்வெல் நிரம்பிய நிலையிலும்.

மறுநாள் விடிந்த கையோடு, 10 டிகிரி குளிரில் மூன்று பிளேடை மறுபடி மாட்டி, லைவ்வெல் காலியாக, பாதி டேங்க்கோடு ஓட்டினேன். 5,850 ஆர்பிஎம், 64 மைல். எஞ்சின் உயரத்தை இன்னும் தொடவில்லை.

நீரோட்டம்

அருமை. இதில் எடை குறைந்ததும் சேர்ந்திருக்கிறது, குளிர்காற்றும் சேர்ந்திருக்கிறது. 10 டிகிரியில் அந்த ஏரியில் எஞ்சினுக்குக் கிடைப்பது 200 குதிரைக்குச் சற்று மேல், மதியத்தைவிட 12, 13 குதிரை கூடுதல். அடுத்த முறை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எது எவ்வளவு தந்தது என்று பிரித்துத் தெரியும்.

இப்போது படகு லேசாக, வேகமாக இருக்கிறது, ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். 60 மைலைத் தாண்டும்போது படகு பேடின் மேல் நின்று இடமும் வலமும் ஆட ஆரம்பித்தால் த்ராட்டிலைச் சற்றுக் குறைத்து ட்ரிம்மை இறக்குங்கள், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு உடம்பில் மாட்டியிருக்கட்டும். 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் அது சட்டம். மலையேரித் தண்ணீர் வசந்த காலத்தில் உயிரை எடுக்கும் குளிர். விழுந்த உடனே மூச்சு திணறும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் அந்த வேகத்தில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

மலையேரி

கில் சுவிட்சும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் கிளம்புவதே இல்லை அண்ணா.

முடிவு செய்துவிட்டேன். மலைக்கு 22 நான்கு பிளேடு வாங்குகிறேன். 1 மைலுக்குக் குறைவாகத்தான் இழக்கிறேன், மதிய அலையில் இரண்டு பேரோடு திரும்பும்போது அது தரும் பிடிப்பு எனக்குப் பெரிது. ஜாக்பிளேட் அண்ணே, மன்னிக்கணும். இதையே ஹவாசுவிலும் விட்டுவைக்கலாமா?

ஜாக்பிளேட்

மன்னிப்பெல்லாம் எதுக்கு, ஓட்டிப் பார்த்து எடுத்த முடிவு. தாராளமா வாங்குங்க. உங்க வரம்புல ஆர்பிஎம் வருது, அது போதும்.

ஆனா ஹவாசுல விடாதீங்க. அங்க 3 இஞ்ச் பிட்ச் குறைஞ்சா ஆர்பிஎம் 6,300-க்கு மேல போகப் பார்க்கும், ரெவ் லிமிட்டர் அடிச்சு எஞ்சின் குக்குக்குனு வெட்டும். வரம்புக்கு மேல சுத்தறதும் முக்கறது மாதிரியே கெடுதல். ரெண்டு ப்ராப்பும் வெச்சுக்கிட்டு டிரெய்லர்லயே மாத்திடுங்க. சாவியை எடுத்துட்டு, கியர் நியூட்ரல்ல வெச்சு, பிளேடுக்கும் அதுக்கு மேலே இருக்கற எஞ்சின் தகட்டுக்கும் நடுவுல மரக்கட்டை கொடுத்து நட்டைக் கழட்டுங்க. ஷாஃப்ட்ல நைலான் மீன்நூல் சுத்தியிருக்கான்னு பாருங்க, அது சீலை அறுத்துடும். கிரீஸ் தடவி, த்ரஸ்ட் வாஷர் சரியான பக்கம் இருக்கான்னு பார்த்து, கையேட்டுல போட்ட டார்க்குக்கு முடுக்குங்க. கொஞ்சம் ஓட்டிட்டு வந்து நட்டை மறுபடி ஒரு தடவை பாருங்க.

தூண்டில்மணி

எனக்கு ஒன்று. 150 கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்கை ஒரே ஒரு வார இறுதிக்கு யூட்டா, வயோமிங் எல்லையில் இருக்கும் ஃப்ளேமிங் கார்ஜ் ஏரிக்குக் கொண்டு போகிறேன். நிறைந்தால் 6,040 அடி. ஜெட் மாற்றத்தான் வேண்டுமா?

பழையடூஸ்ட்ரோக்

ஒரு வார இறுதிக்கு வேண்டாம். கொழுத்த கலவையில் சக்தி குறையும், பிளக் கறுக்கும், எஞ்சினுக்கு வேறு சேதம் இல்லை. மாற்று பிளக் ஒரு செட் எடுத்துக்கொள், மெதுவாக நெடுநேரம் ஊர்ந்து போகாதே. 3 இஞ்ச் குறைந்த ப்ராப் ஒன்று கடன் கிடைத்தால் அதை மட்டும் மாட்டிக்கொண்டு போ.